காயம் யாருடைய ரகசியம்?



ராதாகிருஷ்ணன் பிறந்த இந்தத் திருத்தணியில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் தத்துவம் பேசுவார்கள், இல்லாவிட்டால் முருகனைப் பற்றித் தமிழ் பேசுவார்கள் என்று நினைத்து வந்தவர்கள் இருக்கலாம். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் விளையாட்டுச் செய்தி எழுதிப் பிழைத்தவன். அழைத்தவர்களும் விளையாட்டைப் பற்றியே பேசச் சொன்னார்கள். எந்தத் தலைப்பு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் தொழிலில் நான் அதிகமாகக் கேட்டு, குறைவாகப் பதில் பெற்ற ஒரு கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். கால்பந்து அணிகள் தங்கள் ஆட்டக்காரருக்கு எங்கே அடி, எவ்வளவு அடி என்பதை ஏன் மழுப்புகின்றன?

சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆட்டத்துக்கு முந்தின நாள் நடக்கும் பிரஸ் மீட்டை ஒருமுறை பார்த்தால் போதும். விளம்பரப் பெயர்கள் அச்சடித்த திரைக்கு முன்னால் கோச்சும் ஒரு வீரரும் உட்கார்ந்திருப்பார்கள். "அவர் நாளைக்கு ஆடுவாரா?" என்று கேட்போம். "இன்னும் ஒரு பயிற்சி பாக்கி இருக்கிறது, பார்க்கலாம்" என்பார் கோச். "முழங்காலா, கணுக்காலா?" "மெடிக்கல் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது." "எத்தனை வாரம் ஆகும்?" அதற்குள் பக்கத்தில் நிற்கும் மீடியா மேனேஜர், "அடுத்த கேள்வி" என்று சொல்லிவிடுவார். அன்று காலைதான் அந்த ஆட்டக்காரர் வலது முழங்காலைச் சுற்றி ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, பேருந்துப் படியில் இடது காலை மட்டும் ஊன்றி ஏறியதைப் பார்த்திருப்போம். கோச்சுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் கோச்சுக்குத் தெரியும். இருந்தும் மறுநாள் பத்திரிகையில் "லேசான அசௌகரியம்" என்றுதான் வரும்.

இதை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் சில நியாயமானவை. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

முதல் காரணம் எதிராளி. 1966 உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் ஆட்டம் பல்கேரியாவோடு. பிரேசில் 2-0 என்று ஜெயித்தது, பெலே ஒரு கோல் போட்டார். ஆனால் ஆட்டம் முழுக்க அவர் காலைத்தான் உதைத்தார்கள். அடுத்து ஹங்கேரியோடு நடந்த ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை, பிரேசில் தோற்றது. மூன்றாவது ஆட்டம் போர்ச்சுகலோடு, லிவர்பூலில், ஜூலை 19. முழுதாகத் தேறாத காலோடு பெலே இறங்கினார். அந்தக் கால் எது என்று உலகத்துக்கே தெரியும். போர்ச்சுகலின் மொராய்ஸ் அவரை அடுத்தடுத்து வெட்டிச் சாய்த்தார். அன்றைக்கு உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இல்லை. அது 1970இல்தான் வந்தது. ஆகவே பெலே மீதி ஆட்டம் முழுக்க நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். பிரேசில் 3-1 என்று தோற்று ஊர் திரும்பியது. எந்தக் கால் என்று எதிராளிக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் ஊர்க்காரர் உதாரணமும் இருக்கிறது. ஆட்டம் வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான். 2021 ஜனவரி 11, சிட்னி டெஸ்டின் கடைசி நாள். ஹனுமா விஹாரிக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்துவிட்டது. அது ஓட முயன்றபோதே எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. எதிர்முனையில் நம் அஸ்வின். அவருக்கு முதுகு எவ்வளவு மோசம் என்று வெளியே தெரியாது. இருவரும் சேர்ந்து 250க்கும் மேற்பட்ட பந்துகளைச் சமாளித்து டிரா செய்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் அவர் மனைவி சமூக வலைத்தளத்தில் எழுதினார்: முந்தின இரவு கடுமையான வலியோடு படுத்தவர், காலையில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை. அந்தச் செய்தி அன்று காலையிலேயே ஆஸ்திரேலியர்கள் கைக்குப் போயிருந்தால் பந்து எங்கே குத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மௌனத்தை யாரும் குறை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது காரணம் சந்தை. கால்பந்து ஆட்டக்காரரை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வாங்குமுன் மருத்துவப் பரிசோதனை உண்டு. 2000ஆம் ஆண்டு வசந்தத்தில் நெதர்லாந்தின் ரூட் வான் நிஸ்டல்ராய் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்குப் போவதாக இருந்தது. முழங்காலில் சந்தேகம் என்று பேரம் நின்றது. சில நாளில் பழைய கிளப்பான பி.எஸ்.வி.யின் பயிற்சியில் அந்த முழங்கால் லிகமென்டே அறுந்துபோனது. ஓராண்டு காத்திருந்து 2001இல்தான் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். முழங்காலைப் பற்றி வெளியே கசியும் ஒவ்வொரு வரியும் விலையைக் குறைக்கும் என்று கிளப்புகள் கணக்குப் போடுவது இதனால்தான். இந்தியாவில் தொகை சிறியது, பயம் பெரியது. இந்தியன் சூப்பர் லீகில் நம் பையன்கள் பலரின் ஒப்பந்தம் ஓராண்டு, இரண்டாண்டு. ஒரு சீசன் உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வருமா என்பதே கேள்வி. அதனால் கிளப்பைவிட ஆட்டக்காரரே மழுப்பலை விரும்புவதுண்டு.

வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி. 3-0 என்று ஜெயித்தபோது ஒரு கோல் அவருடையது. அந்த அணி சாம்பியனானது. அடுத்த சீசன் முழுவதும் முழங்கால் காயத்தால் அவர் வெளியே இருந்தார். அதே சீசனில் சாம்பியன் அணி பதினெட்டு ஆட்டத்தில் இரண்டே ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடத்தில் நின்றது. ஒருவர் இல்லாததால்தான் கவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முழங்காலில் ஓர் அணியின் நடுக்களமும் ஒரு பையனின் பிழைப்பும் சேர்ந்து தொங்குகின்றன என்பதைச் சொல்கிறேன். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே, ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அந்த சீசன் அவருக்கு அத்தோடு சரி. கபடியில் பவன் செஹ்ராவத்தை இரண்டேகால் கோடிக்கு வாங்கியது தமிழ் தலைவாஸ். 2022 அக்டோபரில் முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அவர் முழங்கால் போனது.

மூன்றாவது, சூதாட்டம். இங்கே கதை தலைகீழாகத் திரும்புகிறது. 1946 டிசம்பரில், கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியன் ஆட்டத்துக்கு முன்னால், நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர்கள் இருவருக்கு லஞ்சம் கொடுக்க ஒருவன் முயன்றது அம்பலமானது. யாருக்கு அடி, யார் ஆடமாட்டார் என்று முன்கூட்டியே தெரிந்தவன் கொள்ளை லாபம் பார்க்கலாம். அந்தச் செய்திக்காக எதுவும் செய்வான். லீகின் தலைவர் பெர்ட் பெல் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா அணியும் காயப்பட்டியலை வெளியிட்டே ஆக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு விலை இல்லை. அந்த லீகில் இன்றும் அந்த முறை நடக்கிறது. யார், உடம்பில் எந்தப் பகுதி, ஆடுவது சந்தேகமா, ஆடவே மாட்டாரா என்று வாராவாரம் அறிவிக்கிறார்கள். (மனிதன் சும்மா இருப்பானா? அந்த லீகின் நட்சத்திரம் டாம் பிரேடியின் அணி பல ஆண்டுகள் "வலது தோள்பட்டை, பெரும்பாலும் ஆடுவார்" என்றே வாராவாரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரேடி வாராவாரம் ஆடிக்கொண்டும் இருந்தார். 2016இல் "பெரும்பாலும் ஆடுவார்" என்ற வகையையே லீக் எடுத்துவிட்டது.)

நம் கால்பந்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஐரோப்பியக் கால்பந்துக்கும் இல்லை. நாம் எதிர்த்திசையில் போனோம்: செய்தியை வெளியிடச் சொல்லவில்லை, கசியவிடுவதைக் குற்றமாக்கினோம். 2013 ஐ.பி.எல். விவகாரத்தை விசாரித்த முட்கல் குழு, சென்னை அணியோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியதும் அணித் தகவலை வெளியே கொடுத்ததும் நிரூபணமாகின்றன என்று 2014இல் எழுதியது. வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் 2019 அக்டோபரில் தடைசெய்யப்பட்டார். உள்தகவல் கேட்டு ஒருவன் அணுகியதை அவர் மேலிடத்துக்குச் சொல்லவில்லை என்பதே குற்றம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போடும் வரை, உங்கள் வகுப்பிலேயே ஆட்டம் தொடங்குமுன் கைப்பேசியில் அணி அமைத்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், தலைமையாசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். ஒருவரின் ஹாம்ஸ்ட்ரிங் என்ன நிலையில் இருக்கிறது என்பது அன்று லட்சக்கணக்கானோர் பையில் இருந்த பணத்தைத் தொடும் செய்தி. அதைக் கோச் பொத்திப் பொத்தி வைத்ததில் ஆச்சரியமில்லை.

நான்காவது காரணத்தைப் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. பல நேரம் அவர்களுக்கே தெரியாது. தொடைத் தசை கிழிந்த முதல் நாள், வீக்கத்தையும் வலியையும் மட்டும் வைத்துக் காயம் எவ்வளவு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. ஸ்கேனில் தெரிவதும் ஆட்டக்காரர் உணர்வதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. "மூன்று வாரம்" என்று டாக்டர் சொல்வது ஒரு மதிப்பீடு. அதைக் கோச் சொன்னால் வாக்குறுதி ஆகிவிடும். நாங்கள் எழுதினால் கெடு ஆகிவிடும். 22ஆம் நாள் "இன்னும் ஏன் வரவில்லை?" என்று ரசிகர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஆட்டக்காரர் காதிலும் விழும். ஒரு வாரம் முன்னதாகவே பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குவார். மறுபடி கிழியும்.

பும்ராவின் முதுகை நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பர் 12 அன்று டி20 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இருந்தது. 28ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஆடவில்லை; முதுகு வலி என்றார்கள். மறுநாள் எலும்பில் விரிசல் என்று செய்தி பரவியது. அதற்கடுத்து, வாரியத் தலைவர் கங்குலி அவர் இன்னும் போட்டியை விட்டுப் போகவில்லை என்றார். அக்டோபர் 3 அன்று அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று வாரியம் அறிவித்தது. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகில் அறுவைச் சிகிச்சை. ஆகஸ்டில்தான் அயர்லாந்தில் மறுபடி பந்து போட்டார். இந்த வரிசையில் எது மறைத்தது, எது தெரியாதது என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நீதிமன்ற ஆணை, பிறருக்கு ஆபத்து, அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் போன்றவை மட்டும் விலக்கு. உலகக் கோப்பை அரையிறுதி அந்தப் பட்டியலில் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டதால் ஆட்டக்காரரின் எம்.ஆர்.ஐ. படம் நமக்குச் சொந்தமாகிவிடாது.

இதுவரை நான் அணிகளின் வக்கீலாகவே பேசிவிட்டேன். இனி மறுபக்கம்.

மேலே சொன்ன எல்லாம் வெளியாருக்குச் சொல்லாமல் இருப்பதைப் பற்றியது. எதிராளிக்குச் சொல்லாதே, தரகனுக்குச் சொல்லாதே, சூதாடிக்குச் சொல்லாதே, பத்திரிகைக்குச் சொல்லாதே. சரி. ஆனால் இந்தப் பழக்கம் வாசலோடு நிற்பதில்லை. வெளியே மழுப்பிப் பழகிய இடத்தில் உள்ளேயும் மழுப்பல் வந்துவிடுகிறது. டாக்டர் கோச்சிடம் மழுப்புவார், கோச் ஆட்டக்காரரிடம் மழுப்புவார், ஆட்டக்காரர் டாக்டரிடம் மழுப்புவார். என் குறை இங்கேதான்.

1998 ஜூலை 12. பாரிஸ் புறநகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அன்று மதியம் விடுதியில் பிரேசிலின் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. பார்த்தது அறைத் தோழர் ராபர்டோ கார்லோஸ். 21 வயது, உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர். வலிப்பு அடங்கித் தூங்கி எழுந்தவருக்கு என்ன நடந்தது என்று நினைவில்லை. சுற்றிலும் ஆட்டக்காரர்கள், டாக்டர், எல்லார் முகத்திலும் கலவரம். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லியோனார்டோ அவரைத் தோட்டத்துக்கு நடக்கக் கூட்டிப்போய், "உனக்கு வலிப்பு வந்தது, இன்று நீ ஆடப்போவதில்லை" என்று சொன்னார். இதைப் பிற்காலப் பேட்டியில் ரொனால்டோவே சொன்னார். பிறகு மருத்துவமனை, பரிசோதனைகள், எதிலும் ஒன்றும் தெரியவில்லை. பத்திரிகையாளர்களுக்கு வந்த முதல் அணித்தாளில் அவர் பெயர் இல்லை. எட்மண்டோ பெயர் இருந்தது. சற்று நேரத்தில் இரண்டாவது தாள் வந்தது. அதில் ரொனால்டோ இருந்தார். கோச் ஸகாலோவிடம் "நான் ஆடுவேன்" என்று அவரே சொல்லி இறங்கினார். களத்தில் அவர் நடமாடியதைத்தான் பார்த்தோம். பிரான்ஸ் 3-0. பிறகு பிரேசில் நாடாளுமன்றமே குழு போட்டு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது.

உலகமே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபப்பட்டது. எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது அது அல்ல. தன் உடம்பில் நடந்த விஷயம் அந்த விடுதியில் எல்லாருக்கும் தெரிந்து, கடைசியாகத்தான் அந்தப் பையனுக்குத் தெரிந்தது.

டாக்டர் தன் கடமையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 8, செல்சி அணியின் ஆட்டம். ஹசார்டு கீழே விழுந்தார். நடுவர் கைகாட்டி அழைத்ததும் அணி டாக்டர் ஏவா கார்னெய்ரோ களத்துக்குள் ஓடினார். விதிப்படி சிகிச்சை பெற்றவர் வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும். ஏற்கெனவே ஓர் ஆள் குறைவாக இருந்த அணி அந்தக் கணம் இருவர் குறைவாக ஆனது. ஆட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று கோச் மொரின்யோ பகிரங்கமாகத் திட்டினார். டாக்டர் வேலையை விட்டு விலகி வழக்குப் போட்டார். 2016 ஜூனில் கிளப் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டு வழக்கை முடித்தது. அணியிடம் சம்பளம் வாங்கும் டாக்டர் யாருக்கு டாக்டர்? அணிக்கா, விழுந்து கிடப்பவருக்கா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத கிளப்பில் "மெடிக்கல் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்ற வாக்கியத்தை நான் நம்ப மாட்டேன்.

ஐரோப்பாவை விட்டு நம் பக்கம் வருவோம். நம் ஊர்ப் பையன் லீகுக்குப் போவதற்கு முன்னால் எங்கே ஆடுகிறான்? பள்ளி, கல்லூரி, பிறகு சென்னை லீகில் ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கி, வருமானவரி, சுங்கம் என்று ஓர் அலுவலக அணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த வேலைக்குத்தான் அப்பா, அம்மா அத்தனை வருஷம் பால், முட்டை வாங்கிக் கொடுத்தார்கள். சீசன் முடிந்ததும் கேரளத்தில், குறிப்பாக மலப்புறம் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் தொடங்கும். மூங்கில் கேலரி, மின்விளக்கு, ஆளுக்கு ஆட்டக்கூலி கையில் ரொக்கம். அலுவலகமும் கிளப்பும் போகக் கூடாது என்பார்கள். பையன்கள் வேறு பெயரில் போவார்கள். அங்கே தரை சின்னது, மோதல் அதிகம். முழங்கால் திரும்பிவிட்டால் அதை எங்கே சொல்வான்? சொந்த அணியில் சொன்னால் எங்கே போய் அடிபட்டாய் என்று கேட்பார்கள். அதனால் பயிற்சியின் முதல் நாளில் ஒரு சாதாரணப் பந்துக்கு ஓடி, அங்கே விழுந்ததாகக் காட்டிக்கொள்வான். அணியின் பிசியோ தவறான தேதியிலிருந்து கணக்குப் போடத் தொடங்குவார். இப்படிப்பட்ட முழங்கால்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களில் சிலர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திருத்தணி ஸ்டேஷனில் ரேணிகுண்டா பக்கம் போகும் வண்டி ஏறினால், பொன்பாடி, பெயர்ப்பலகையே ஒரு பெட்டி நீளம் இருக்கும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, நகரி, ஏகாம்பரகுப்பம் என்று தாண்டிப் புத்தூர். 1960 ஏப்ரல் முதல் தேதி ம.பொ.சி. முதலானோரின் போராட்டத்தால் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, புத்தூர் ஆந்திரத்தில் தங்கியது. எலும்பு முறிந்தவர்கள் அந்த எல்லைக்கோட்டை மதித்ததே இல்லை. தமிழ்நாட்டில் "புத்தூர் கட்டு" பலகை இல்லாத ஊர் குறைவு. ராஜு குடும்பத்தாரின் வைத்தியசாலையில் பச்சிலை அரைப்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பைகளை வரிசையாக அடுக்கி இறுக்கிக் கட்டுவார்கள். முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் அது சேரும். பல தலைமுறையாக எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கட்டை நம்பி நடந்திருக்கின்றன. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை.

கால்பந்து ஆடும் பையன் அங்கே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதைத்தான் சொல்ல வந்தேன். அணி டாக்டருக்குத் தெரியாது. ஸ்கேன் கிடையாது, காகிதம் கிடையாது, பதிவு கிடையாது. ஆனால் அவனுக்குப் போனது எலும்பு இல்லை, ஏ.சி.எல். என்கிற லிகமென்ட். எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் தெரியும், லிகமென்ட் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். கட்டுப் போட்டுச் சில வாரம் காலை அசைக்காமல் வைத்தால் வீக்கம் வற்றும், வலி குறையும், நேராக நடக்கலாம், மெதுவாக ஓடக்கூட ஓடலாம். சரியாகிவிட்டது என்று நினைத்து மைதானத்துக்கு வருவான். பந்தோடு ஓடிச் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது கால் தன்னிடமிருந்து நழுவிப் போவது போல முழங்கால் மடங்கும். அந்த இரண்டாவது விழுதலில் உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். ஒழுங்காக அறுவைச் சிகிச்சையும் பயிற்சியும் எடுத்திருந்தால் ஒன்பது மாதம், ஓராண்டில் திரும்பியிருக்கலாம். இப்போது இருபத்து மூன்று வயதில் அவன் ஊர் டோர்னமென்டில் லைன்ஸ்மேன் கொடி பிடிக்கிறான்.

இதில் வீரமும் கலந்துவிடுகிறது. வலியோடு ஆடினான் என்று எழுதிக் கைதட்டல் வாங்கியதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. இந்த ஊரில் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக் காவடி எடுத்து மலையேறுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். காவடி எடுப்பவர் தானே நேர்ந்துகொள்கிறார், எப்போது இறக்குவது என்பதும் அவர் கையில். ஊசியைப் போட்டுக்கொண்டு அரையிறுதியில் இறங்கும் பையனுக்காக நேர்ந்துகொண்டவர் வேறு யாரோ. அந்த ஊசி வலியைத்தான் மறைக்கும், கிழிசலைத் தைக்காது. அடுத்த நாள் காலையில் அவன் எழுந்திருக்கும்போது கோச் வேறு ஊரில் இருப்பார்.

தலையில் அடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். 2014 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியின் கிராமர், எதிராளியின் தோளில் தலை மோதி விழுந்து எழுந்து, பத்து நிமிஷத்துக்கும் மேல் ஆடினார். நடுவரிடம் போய், "இது இறுதி ஆட்டமா?" என்று கேட்டார். நடுவர்தான் ஜெர்மனி ஆட்டக்காரர்களிடம் சொல்லி அனுப்பினார். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில், அத்தனை டாக்டர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நடந்தது இது. நம் பொங்கல் டோர்னமென்டில் தலை மோதிக்கொண்டவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எழுந்திரு" என்று சொல்கிறோம். அந்த "ஒண்ணுமில்லடா" எந்தப் பிரஸ் மீட் மழுப்பலையும்விட ஆபத்தானது.

ஆகவே என் கட்சி இதுதான். காயத்தின் விவரம் ஆட்டக்காரருடையது. அவர் சம்மதித்தால் உலகத்துக்குச் சொல்லலாம், சம்மதிக்காவிட்டால் "ஆடமாட்டார்" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் கேட்க என் போன்றவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அவருக்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு நூலளவும் மழுப்பல் இருக்கக் கூடாது. நம் நாட்டில் இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கிளப்பின் லாபத்துக்காக வெளியே மறைக்கிறோம், பயத்தால் உள்ளேயும் மறைக்கிறோம், கடைசியில் விவரம் தேவைப்படும் ஒரே ஆளிடம் அது இருப்பதில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊர் டோர்னமென்ட் நடத்தும் தம்பிகளுக்கும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கும் சில வேண்டுகோள்களை வைத்து முடித்துக்கொள்கிறேன். பையனுக்கோ பெண்ணுக்கோ எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எது எடுத்தாலும் அந்தப் படமும் அறிக்கையும் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்; கோச்சிடம் நகல் போதும். எங்கே, எந்தத் தேதியில், எந்த ஆட்டத்தில் அடிபட்டது என்பதைச் செவன்ஸாக இருந்தாலும் டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அவர் அதை உங்கள் அலுவலகத்துக்குச் சொல்ல முடியாது, விதி அவரைத் தடுக்கிறது. புத்தூருக்குப் போவதென்றால் போங்கள், போகுமுன் போனது எலும்பா லிகமென்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். தலையில் அடிபட்டவரை அன்றைக்கு மறுபடி இறக்காதீர்கள், கோப்பை யாருக்குப் போனாலும் சரி. டோர்னமென்ட் நடத்துகிறவர்கள், பரிசுக் கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மைதானத்தோரம் ஒரு டாக்டரை உட்கார வையுங்கள். அவர் "வெளியே வா" என்று சொன்னால் அதுவே முடிவு என்று இரண்டு கேப்டன்களிடமும் ஆட்டத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும் பொங்கல் ஆட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.